திருப்பூர்ல மெசின் வாடகைக்கும் சர்வீசுக்கும் நான் போற கடை: ஜாமீன் வேண்டாம், தச்சு காட்டுனா போதும்

ஊட்டுலயே ரெண்டு மூணு தையல் மெசின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனி துணிய கூலிக்கு தச்சு குடுக்கற வேல, ஓட்டறவங்களுக்காகத்தான் இத எழுதறேனுங்க. பெரிய கம்பெனிக்காரங்களுக்கு இந்தக் கடை தேவப்படாது, அவங்களுக்கு உள்ளயே மெக்கானிக் இருப்பாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் மெசின் நின்னா அன்னைக்கு பொழப்பே நின்னுரும், அதனால நல்ல மெசின் கடை எதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது ரொம்ப முக்கியம், அதுவும் இப்ப இருக்கற நெலமைல.

கடை பி.என். ரோட்டுல இருந்து உள்ள திரும்பற ஒரு சந்துல இருக்கு. பேர் போடல, எழுதட்டுங்களாண்ணான்னு கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டதுக்கு "கடையப்பத்தி எழுது அம்மிணி, எம்பட பேரெல்லாம் வேண்டாம்"னு சொல்லிட்டாரு. போர்டும் கெடையாது. வாசல்ல பழைய தையல் மெசின் ஸ்டேண்ட் ஒண்ணு கெடக்கும், அதுமேல காலி நூல் கோன அடுக்கி வெச்சிருப்பாங்க, அதான் அடையாளம். மெசின் வாடகைக்கு குடுப்பாங்களே அந்த அண்ணன் கடைன்னு டீக்கடைல கேட்டாலே கை காட்டிருவாங்க.

மொதல்ல ரேட்டு சொல்லிடறேன், எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. துணி ஓரத்த சேத்து தைக்கற ஓவர்லாக் மாசம் 1,200 ரூவா, ஓரம் மடிச்சு அடிக்கற பேட்லாக் 1,500, சாதா நேர்த்தையல் போடற சிங்கிள் நீடில் 700. வாரவாரமா பிரிச்சும் கட்டலாம், சனிக்கிழம சம்பளம் வாங்கிட்டு ஞாயித்துக்கிழம காலைல வந்து குடுக்கறவங்கதான் நெறைய. சர்வீசுக்கு கடைக்கு தூக்கிட்டு போனா 300, ஊட்டுக்கு வந்தா 450, ஸ்பேர் தனி. ஸ்பேர்ல ஒரிஜினல், டூப்ளிகேட் ரெண்டும் வெச்சிருக்காரு, ரெண்டையும் மேச மேல வெச்சு இது இது, அது அதுன்னு சொல்லிட்டுத்தான் விக்கறாரு, லூப்பர், அதான் அடியில நூல புடிக்கற கொக்கி, அது மட்டும் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம்னு அவரே தடுப்பாரு. எல்லா மெசினுக்கும் சர்வோ மோட்டார் போட்டிருக்காரு, பழைய கிளட்ச் மோட்டார் நாம தைக்காம உக்காந்திருந்தாலும் ஓடிட்டே கரண்ட இழுக்கும், சர்வோ மிதிச்சா மட்டுந்தான் ஓடும், கரண்ட் பில்லு கட்டறவங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லா தெரியும்.

இதெல்லாம் வேற கடைலயும் கொஞ்சம் முன்ன பின்ன கெடைக்கும்னு வெச்சுக்கங்க. இங்க மட்டும் இருக்கறது என்னன்னா அட்வான்ஸ் கெடையாது, ஜாமீன் கெடையாது. மத்த எடத்துல ஒரு மெசினுக்கு 5,000 அட்வான்ஸ் கேக்கறாங்க, அதுபோக சொந்த ஊடு இருக்கற ஆளா பாத்து கூட்டிட்டு வந்து கையெழுத்து போடச் சொல்றாங்க. வாடகை ஊட்டுல இருக்கறவங்களுக்கு, வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு யாருங்க வந்து கையெழுத்து போடுவாங்க. இந்த அண்ணன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "தச்சு காட்டு".

உள்ள போனா ஒரு மெசின் எப்பவும் நூல் கோத்து ரெடியா இருக்கும். சிங்கிள் ஜெர்சிங்கற பனியன் துணில துண்டு ரெண்டு குடுத்து சோல்டர் வளைவு மாதிரி ஒட்டுக்கா சேத்து ஓட்டச் சொல்லுவாரு. வேகத்த பாக்கவே மாட்டாரு, அந்நேரம் அவரு பாட்டுக்கு வேற ஏதோ ஸ்குரூவ திருகிட்டிருப்பாரு. தச்சு குடுத்ததும் மேல்பக்கத்த பாக்காம திருப்பி உள்பக்கத்த பாப்பாரு, பொறகு ரெண்டு கட்டவெரல்லயும் அழுத்திப் புடிச்சு இழுப்பாரு, தையல் பல்ல காட்டுதா, நூல் அறுகுதா, ஓரம் நெளியுதான்னு. பனியன் துணி இழுபடற துணி, கை பதட்டத்துல இழுத்து தச்சா ஓரம் நெளிஞ்சுரும், துணிய அது போக்குல விட்டு தைக்கறவங்களுக்குத்தான் படுத்தாப்ல வரும். அத பாத்துட்டு "துணிய இழுக்கல, எடுத்துட்டு போ"ம்பாரு. அவ்வளவுதான் அக்ரிமெண்ட். அக்கா, அவரு சம்சாரம், நோட்டுல மெசின் நம்பரையும் ஊடு எங்கன்னும் எழுதிக்குவாங்க.

நெளிஞ்சு வந்துருச்சுன்னு வைங்க, போ வெளியன்னு சொல்ல மாட்டாரு. அந்த மெசின்லயே உக்காந்து ஓட்டிப் பழகச் சொல்லுவாரு, வேஸ்ட் துணி மூட்டையே கெடக்கு அங்க. தையல் கை நின்ன பொறகுதான் மெசின் ஊட்டுக்கு போகும்.

எங்க லைன் ஊட்டுல ஒடிசாவுல இருந்து வந்த ஒரு பொண்ணு இருக்குது, தமிழ் அரைகொறையா பேசும், இந்த ஊர்ல அவங்களுக்கு சாட்சி சொல்ல ஒரு நாதி கெடையாது. அது வேல பாத்த யூனிட்ல அமெரிக்கா ஆர்டர நிறுத்தி வெச்சதும் பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, புருசன் டையிங்ல வேல. மெசின் வாடகைக்கு கேட்டு அலைஞ்சப்ப ஆதார் வெளியூர் அட்ரசா இருக்குதுன்னு யாருமே குடுக்கல. இங்க கூட்டிட்டு போனேன். அந்தப் பொண்ணு தச்சத அண்ணன் இழுத்துப் பாத்துட்டு என்னைத் திரும்பிப் பாத்து "இது உன்னவிட நல்லா தைக்குது அம்மிணி"ன்னாரு, எனக்கு அத்தன சந்தோசம். அன்னைக்கு சாயங்காலமே டாடா ஏஸ்ல மெசின் வந்து எறங்கிருச்சு.

நம்பி குடுத்தா ஏமாத்த மாட்டாங்களான்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். ஏமாத்தியிருக்காங்கன்னே சொன்னாரு. 2020 லாக்டவுன்ல ஊருக்கு போறேன்னு போன ஒருத்தர் மெசினையும் கொண்டுட்டே போயிட்டாராம், இன்னைக்கு வரைக்கும் வரல. "அந்த ஒரு ஆளுக்காக மீதி எல்லாத்தையும் சந்தேகப்படறதுன்னா கடைய சாத்திட்டு தோட்டத்துக்கு போயிரலாம். போன மெசின அந்த வருசத்து கணக்குல செலவுன்னு எழுதியாச்சு" அப்படின்னாரு. நாயமாட்டத்தான் சொன்னாரு, வருத்தமா சொல்லல.

இவரு இப்படி இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்குங்க. 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறைங்க மொத்தமா மூடினது இங்க இருக்கற யாருக்கும் மறந்திருக்காது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் டேமும் கெட்டுப் போச்சுன்னு கீழ இருக்கற விவசாயிங்க வருசக்கணக்கா போராடி வாங்கின உத்தரவு, அது நியாயந்தான், அவங்க வெள்ளாமை போச்சே. ஆனா பட்டறை மூடினதும் துணிக்கு சாயம் போட எடமில்லாம தையல் யூனிட்டெல்லாம் காய ஆரம்பிச்சுது. அண்ணன் அப்ப ஒரு கம்பெனில மெக்கானிக். அந்தக் கம்பெனியும் நின்னு போய் சம்பள பாக்கிக்கு காசு இல்லாம பழைய மெசின் நாலு குடுத்து அனுப்பிட்டாங்க. வித்தா எடைக்குத்தான் போகும்ங்கற நெலம. அவரு விக்கல, அதே கம்பெனில தச்சுட்டு வேல இல்லாம நின்ன டெய்லருங்களுக்கு ஓட்டி பொழச்சுக்கங்க, வந்தா குடுங்கன்னு குடுத்திருக்காரு. கடை ஆரம்பிச்சதே அப்படித்தான்.

அதுக்கு அப்பறம் திருப்பூர் பாக்காத அடியா. 2016 நவம்பர் 8 ராத்திரி நோட்டு செல்லாதுன்னாங்க, சனிக்கிழம சம்பளத்த ரொக்கமா எண்ணிக் குடுக்கற ஊருக்கு அது என்னத்த பண்ணியிருக்கும்னு வெளியூர்க்காரங்களுக்கு வெளங்காது. 2017 ஜூலைல ஜிஎஸ்டி. 2020 மார்ச்ல லாக்டவுன், சித்த நாள் கழிச்சு மாஸ்க்கும் கவச உடையும் தைக்கற ஆர்டர் வந்து பாதி யூனிட்ட காப்பாத்துச்சு. 2022ல நூல் வெல ஏறுன ஏத்தத்துல மே மாசம் ஊரே வேலைநிறுத்தம் பண்ணுச்சு. அப்பறம் 2025 ஆகஸ்ட் 7ல அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டு, அதே மாசம் 27ந் தேதி அத 50 ஆக்குனாங்க. திருப்பூர்ல இருந்து போற சரக்குல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான், அங்க ஒரு கையெழுத்து போட்டா இங்க எங்க சந்துல மெசின் சத்தம் கொறையுது. அதுக்கு முந்தின மாசம் ஜூலை 24ல பிரிட்டன்கூட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சுன்னு பேப்பர்ல போட்டாங்க, நல்ல விசயந்தான், ஆனா அது பெரிய கம்பெனி வழியா எறங்கி எங்க கைக்கு பீஸா வந்து சேர நாளாகும், அதுவரைக்கும் அடுப்பு எரியணுமில்லீங்களா.

அந்த ஆகஸ்ட் செப்டம்பர்ல இந்தக் கடை என்ன பண்ணுச்சுன்னு சொல்றதுக்குத்தான் இத்தனையும் சொன்னேன். வாடகை மெசின எல்லாரும் திருப்பிக் கொண்டாந்து போட ஆரம்பிச்சாங்க, ஓட்டாத மெசினுக்கு எதுக்கு வாடகைன்னு. அண்ணன் திருப்பி எடுத்துக்கல. "இங்க வந்து தூசி புடிக்கறதுக்கு உங்க ஊட்டுலயே நிக்கட்டும், ஓட்டற வாரத்துக்கு குடுங்க, ஓட்டாத வாரத்துக்கு வேண்டாம்"னுட்டாரு. எந்த வாரம் ஓட்டுனோம்னு அவரு வந்து பாக்கல, நாமளே சொல்றதுதான் கணக்கு. நோட்டுல அக்கா எழுதிக்குவாங்க. நான் நெனைக்கறது, அப்படி கேக்காம விட்டதுனாலயே யாரும் கொறைச்சு சொல்லியிருக்க மாட்டாங்க. அந்த நேரத்துல நம்ம ஊட்டுல மெசின் நிக்கறது எத்தன தெம்புங்கறீங்க. தீவாளிக்கு காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுல இருந்து உள்நாட்டு சரக்கு கொஞ்சம் வந்துச்சு, மெசின் கையில இருந்தவங்களுக்குத்தான் அது கெடச்சுது. திருப்பிக் குடுத்திருந்தா அதுவும் போயிருக்கும்.

இப்ப சர்வீஸ் எப்படின்னு சொல்றேன், எனக்கு இந்தக் கடைல ரொம்பப் புடிச்சது அதுதான். என்னோட ஓவர்லாக்குல தையல் விட்டு விட்டு விழுந்துச்சு, நாலு இஞ்ச் தச்சா ரெண்டு எடத்துல ஸ்கிப். தூக்கிட்டு போனேன். மத்த மெக்கானிக்கா இருந்தா நம்மள வெளிய உக்கார வெச்சுட்டு உள்ள என்னமோ பண்ணிட்டு காச வாங்கிக்குவாங்க, அடுத்த மாசம் திரும்ப அதே கத. இவரு ஸ்குரூடிரைவர எங்கைல குடுத்துட்டு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு. "நீயே பண்ணு, நான் பாக்கறேன்."

மெயின் சுவிட்ச அணைக்கச் சொன்னாரு. நீடில் பிளேட்ட கழட்டி, பிரஷர் புட்ட ஒதுக்கிட்டு, வீல கையால பையப் பைய சுத்தச் சொன்னாரு, மூஞ்சிய கிட்ட வெச்சு மொபைல் டார்ச்ச அடிச்சுப் பாக்கச் சொன்னாரு. ஊசி அடி வரைக்கும் எறங்கிட்டு மேல ஏற ஆரம்பிக்கறப்ப கீழ் லூப்பர் இடது பக்கத்துல இருந்து வருது. ஊசிக்குப் பின்னால கண்ணுக்கு சித்த மேல ஒரு சின்ன பள்ளம் வெட்டியிருப்பாங்க, லூப்பரோட நுனி அந்தப் பள்ளத்த ஒட்டித்தான் கடக்கணும். ஊசி ஏறறப்ப நூலு அந்த எடத்துல இக்கிணியூண்டு வளையமா விரியுது, லூப்பர் அந்த வளையத்துக்குள்ள நொழஞ்சு நூல தூக்கிட்டு போகுது, தையலே அதுதான். என் மெசின்ல லூப்பர் ஊசிய விட்டு தள்ளி போயிட்டிருந்துச்சு, அதனால ஒரு தடவ வளையத்த புடிக்கும், ஒரு தடவ விட்டுரும். இத்தன வருசமா அந்த மெசின்ல ஒக்காந்து தைக்கறேன், அடியில இப்படி ஒண்ணு நடக்குதுன்னு அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். லூப்பர் ஸ்குரூவ லூசு பண்ணி, மயிரிழை நகத்தி, வீல சுத்திப் பாத்து, ஊசிய தொட்டு தள்ளுதான்னு பாத்து, திரும்ப நகத்தி, டைட் வெச்சதும் ஓட்டிப் பாத்தா தையல் கோடு போட்டாப்ல விழுந்துச்சு. கை நடுங்குச்சுங்க எனக்கு. மெசின் வேல ஆம்பளைங்க வேல, மெக்கானிக் வந்துதான் தொடணும்னே சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க நம்மள.

300 ரூவா நீட்டுனேன். "வேல பண்ணுனது நீ, எனக்கெதுக்கு"ன்னு வாங்கல. இப்ப எங்க சந்துல யாருக்கு ஸ்கிப் அடிச்சாலும் என்னைத்தான் கூப்புடறாங்க, நானும் அந்த ஒடிசாப் பொண்ணுக்கும் இன்னொரு அக்காவுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன். அண்ணனுக்கு இதனால சர்வீஸ் வருமானம் கொறையுமேன்னு எனக்கு ஒறுத்துச்சு, அவருகிட்டயே சொன்னேன், "நீங்க ஓட்டுனாத்தான எனக்கு வாடக"ன்னு முடிச்சுட்டாரு. ஆர்டர் வருமா வராதான்னு நம்ம கையில இல்ல, மெசின் ஓடறதாச்சும் நம்ம கையில இருக்குதுங்கறப்ப ராத்திரி தூக்கம் வருதுங்க, நெசமா சொல்றேன்.

ஊசி வாங்கறவங்களும் இங்க வாங்கலாம். ஓவர்லாக்குக்கு டிசி 27ங்கற ஊசி, அதுல பனியன் துணிக்கு மொனை உருண்டையா இருக்கற பால் பாயிண்ட் கேட்டு வாங்குங்க, மெலிசு துணிக்கு 9 சைஸ், சாதா டீசர்ட் துணிக்கு 11, பிளீஸ் மாதிரி தடிச்ச துணிக்கு 14. மொனை கூரா இருக்கற ஊசிய போட்டா துணியோட நூல வெட்டிரும், தைக்கறப்ப தெரியாது, துவைச்சதும் தையல் ஓரமா ஓட்டை ஓட்டையா வரும், பீஸ் ரிஜெக்ட். அப்பறம் ஊசி ஒடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டுல டேப்ப போட்டு ஒட்டி, தேதி, மெசின் நம்பர் எழுதி வெக்கச் சொல்லுவாரு. ஏற்றுமதிக் கம்பெனிங்கள்ல கட்டாயம் செய்யற வேல இது, சின்னப் புள்ளைங்க துணில ஊசி மொன இருந்துட்டா என்னாகறது. ஊட்டுல தைக்கற நமக்கு யாரும் வந்து பாக்கப் போறதில்ல, ஆனா அண்ணன் குடுக்கற மெசின்கூட அந்த நோட்டும் வந்துரும். ஜாப் ஒர்க் கேட்டு போறப்ப அந்த நோட்ட எடுத்து காட்டுனா சூப்பர்வைசர் பேசற பேச்சே மாறிருது, நான் பாத்திருக்கேன்.

கொறையும் இருக்கு, சொல்லிடறேன். ஞாயித்துக்கிழம காலைல போனா வாடகை கட்டற கூட்டத்துல அண்ணன்கிட்ட பேசவே முடியாது, சர்வீசுக்கு அன்னைக்கு போகாதீங்க. போன் எடுக்க மாட்டாரு, கையெல்லாம் ஆயிலா இருக்கும், அக்கா இருந்தா எடுப்பாங்க. சந்துக்குள்ள வண்டி நொழையாது, டாடா ஏஸ மெயின் ரோட்டுல நிறுத்திட்டு மெசின தலைய தனியா டேபிள தனியா தூக்கிட்டு நடக்கணும், ஆள் கூட்டிட்டு போங்க. எம்பிராய்டரி மெசின், கம்ப்யூட்டர் மெசினெல்லாம் அவரு தொட மாட்டாரு, தெரியாதுன்னு நேராவே சொல்லிருவாரு. ஒரே நாள்ல அஞ்சாறு மெசின் வேணும்னா கெடைக்காது.

கேட்டதும் குடுத்துருவாருன்னும் நெனைக்காதீங்க. போன தைப் பொங்கலுக்கு முன்னால ஒரு ஏஜெண்ட் பெரிய ஆர்டர் வருதுன்னு வாயில சொன்னத வெச்சு இன்னும் ரெண்டு பேட்லாக் வேணும்னு போய் நின்னேன். மொதல்ல பழைய பில்லு என்னாச்சுன்னாரு. அந்த ஏஜெண்ட் முந்தின வேலைக்கே தச்ச கூலி பாக்கி வெச்சிருந்தாரு, அது அண்ணனுக்கு தெரியும். "துணி கட்டு உன் ஊட்டுல வந்து எறங்கட்டும், மெசின் அன்னைக்கே அனுப்பறேன்"னு சொல்லிட்டாரு. எனக்கு மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா அதோட விடல, சின்னத் தொழில்னு அரசாங்கத்துல பதியற உத்யம் பதிவு பண்ணியிருக்கியான்னு கேட்டு, இல்லைன்னதும் அக்காவ விட்டு மொபைல்லயே பதிவு பண்ண வெச்சாரு. அது இலவசம், புரோக்கருக்கு ஒரு ரூவா குடுக்காதீங்க. 2006ல வந்த சிறு குறு தொழில் சட்டத்துல நம்ம மாதிரி சின்ன யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள, இல்லைன்னா 15 நாளுக்குள்ள காசு குடுத்தாகணும், தாண்டுனா வட்டியோட கேக்கலாம், ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம். 2024 ஏப்ரல்ல இருந்து இன்கம்டேக்ஸ்லயும் ஒரு விதி இருக்கு, அந்த நாளுக்குள்ள நமக்கு குடுக்காத காச வேல வாங்குனவங்க நெசமா குடுத்த வருசத்துலதான் செலவுக் கணக்குல காட்ட முடியும், அதனால ஆடிட்டர் வெச்சிருக்கற பார்ட்டிங்க இப்ப கொஞ்சம் பயப்படறாங்க. வாய் வார்த்தைல தைக்காதீங்க, டெலிவரி சீட்டுல பீஸ் எண்ணிக்கையும் ரேட்டும் எழுதி கையெழுத்து வாங்கிருங்க. ஜாமீன் கேக்காம மெசின் குடுக்கற மனுசன்தான் இத எனக்கு சொல்லிக் குடுத்தாரு.

போறவங்க செவ்வா, பொதன் மத்தியானத்துக்கு மேல போங்க, கூட்டம் இருக்காது. தச்சு காட்டறதுக்கு நீங்க தைக்கப் போற துணிலயே நாலு துண்டு கையோட எடுத்துட்டு போயிருங்க, அங்க இருக்கறது எப்பவும் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கனம்) துணிதான், உங்க துணி மெலிசா இருந்தா ஊசியும் டென்சனும் மாறும், அத அங்கயே செட் பண்ணி வாங்கிட்டு வந்தா ஊட்டுக்கு வந்து மெசின எறக்கின ஒடனே வேலைய ஆரம்பிச்சுக்கலாம்.